ஒரே முகவரியில் இரண்டு ஓட்டோ

அக்காவின் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் சிலர் அதைக் கணினியின் பிழை என்கிறார்கள். வேறு சிலர், மின்சார ஓட்டோ என்றாலே இப்படித்தான் இழுத்தடிக்கும் என்கிறார்கள். இரண்டும் இல்லை. படிவத்தை நிரப்பியது நான். மூன்று முறை சரிபார்த்ததும் நான்.

அக்கா ஓட்டோ ஓட்டுகிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று இரண்டு இருக்கின்றன. நாங்கள் மேல் பிரிவு. காலையில் ஏழு பிள்ளைகளை ஏற்றிப்போய் ஹட்டனில் பாடசாலைக்கு விடுவாள். பகலில் ஸ்டாண்டில் நின்று வாடகை ஹயர் ஓடுவாள். இரண்டு மணிக்குப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வருவாள். அத்தான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாட்களில் லயத்தில் எங்கள் வீடான காம்பராவில் அம்மா, அக்கா, நான் மூவர்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்துறை படித்துவிட்டு, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தில் வேலை செய்கிறேன். ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மணிக்கொரு தரம் குறித்து வைப்பது என் வேலைகளில் ஒன்று.

அக்காவின் ஓட்டோ பழையது. திரும்பி வரும்போது கோயில் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி இருமத் தொடங்கும். அந்த இடத்தில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். அக்கா வெறும் வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்துவாள்; அவர்கள் புத்தகப் பையோடு நடந்து வந்து மறுபடி ஏறுவார்கள். வெயில் நாளில் அது ஒரு விளையாட்டு. மழை நாளில், நனைந்த பிள்ளையின் அம்மா வாசலில் நின்று பேசுவார். இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டில், அடுத்த தவணையிலிருந்து வேனில் அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஹட்டன் கராஜ்காரர் எஞ்சினைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனி வேல செய்றது செத்த மாட்டுக்கு ஊசி போடுற மாதிரிங்க" என்றார். புது பெட்ரோல் ஓட்டோ வாங்க வழி இல்லை. பிள்ளைகள் போய்விட்டால் அக்காவிடம் ஸ்டாண்ட் ஹயர் மட்டும்தான் மிஞ்சும். ஸ்டாண்டில் அப்போதே பதினான்கு ஓட்டோ நின்றது.

அந்த நேரத்தில்தான் சலுகை பற்றிய துண்டுப்பிரசுரம் ஸ்டாண்டுக்கு வந்தது. பழைய பெட்ரோல் ஓட்டோவை ஒப்படைத்தால், புது மின்சார ஓட்டோவின் விலையில் ஒரு பங்கைத் திட்டம் கொடுக்கும். மீதிக்குக் குறைந்த வட்டியில் லீசிங். நிபந்தனைகளை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். வண்டி சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் நிறுத்தவும் சார்ஜ் ஏற்றவும் இடம் வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு சலுகை. விண்ணப்பம் மாதக் கடைசியில் மூடப்படும்.

நான் நான்காவதை வாசித்தேன், தாண்டிப் போனேன். எங்கள் வீட்டில் ஒரு ஓட்டோதானே.

லயத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஏன் சும்மா தருகிறார்கள்? பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்ட விளக்கங்களையும் கொப்பியில் குறித்து வைத்தேன், சுவாரசியமாக இருந்ததால். ஒன்று, தேர்தல் வரப்போகிறது. இரண்டு, இரண்டு வருஷத்தில் பற்றரி செத்துவிடும், பிறகு பற்றரி விற்றுச் சம்பாதிப்பார்கள். மூன்று, பழைய ஓட்டோக்களை வாங்கி இரும்பாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மாவின் விளக்கம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. "பெட்ரோலுக்கு வரிசையில நின்னமே, மறந்துட்டீங்களா? அந்த மாதிரி இன்னொரு தரம் வந்தா அவங்களுக்குத்தானே தலவலி?" என்றார். பெட்ரோலை வெளியிலிருந்து வாங்க வேண்டும். மின்சாரத்தில் ஒரு பங்காவது நான் குறித்து வைக்கிற ஓடையிலிருந்து வருகிறது. அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மலையில் இறங்கும் தண்ணீர், இன்னொரு மலையில் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏறும்.

ஆனால் ஏறுமா? அக்காவுக்கு அதுதான் கேள்வி. எனக்கும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கிக்கொண்டு இருவரும் கோயில் ஏற்றத்துக்குப் போனோம். அக்கா குழாயின் ஒரு நுனியைக் கீழே பிடிக்க, நான் மறுநுனியை மேலே பிடித்து, அடிக்கொரு தரம் உயரத்தை அளந்தேன். விறகுக் கட்டோடு போன ஒரு அத்தை நின்று பார்த்தார்.

"என்ன புள்ள, ரோட்டுக்கு சேலைன் ஏத்துறீங்களா?"

"ஆமா அத்த, ரொம்ப முடியாம கெடக்கு," என்றாள் அக்கா.

ஏற்றத்தின் சரிவையும் ஏழு பிள்ளைகளின் எடையையும் போட்டு, கையேட்டில் இருந்த மோட்டரின் திறனோடு ஒப்பிட்டேன். பிள்ளைகளின் எடையை அவர்களிடமே கேட்டு எழுதினேன். பெரிய பிள்ளை குறைத்துச் சொன்னாள், சின்னவன் கூட்டிச் சொன்னான். எப்படிப் போட்டாலும் ஏறும் என்று வந்தது. அக்கா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பினேன். அக்காவின் படிவம் முடியும் முன்னமே கீழ்ப் பிரிவு அண்ணன் வந்துவிட்டார். அவரும் அதே ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவர். "தங்கச்சி, எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்க" என்று இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே அவசரமாக ஹயர் இருந்ததால் அவருடையதை முதலில் அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து அக்காவினுடையதை அனுப்பினேன். பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். முகவரியைச் சரிபார்க்கவில்லை. அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? பத்து வயதிலிருந்து லயத்தில் எல்லாருக்கும் நான் எழுதிக் கொடுக்கிற முகவரி அது. தோட்டத்தின் பெயர், தபாலகத்தின் பெயர். அவ்வளவுதான். வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் எப்போதும் போல ஒரு சின்னக் கோடு போட்டேன். இரண்டு படிவத்திலும்.

ஒன்பது நாள் கழித்து இருவருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வந்திருப்பதால் இரண்டும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குப் போக ஸ்டாண்டைக் கடக்க வேண்டியிருந்தது. கீழ்ப் பிரிவு அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்க அக்காவ எனக்கு எப்ப கட்டி வச்சீங்க? நாங்க ரெண்டு பேரும் ஒரே வூட்டுல இருக்கோம்னு அரசாங்கமே சொல்லுது. என் வூட்டுக்காரி மெசேஜ பாத்தா எனக்கு ராத்திரிக்குச் சோறு கெடையாது."

ஸ்டாண்டே சிரித்தது. அக்கா தன் ஓட்டோவுக்குள் இருந்தபடி, "கவலப்படாதீங்க அண்ணே, ஒங்களுக்கு ஆக்கிப் போட இங்கயும் ஆளில்ல" என்றாள். இன்னும் சிரித்தார்கள். பிறகு அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சிரிப்ப விடுங்க. நான்தானே மொதல்ல போட்டேன்? எனக்கு ஏன் நிக்கணும்? எனக்கு இந்த வண்டி வேணும் தங்கச்சி."

"அக்காவுக்கும் வேணும் அண்ணே."

"அது தெரியுது. ஆனா எழுதுனது நீங்க."

 மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு அக்காவோடு திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனேன். ஹட்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். நாங்கள் சிங்களத்தில் பேசினோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு வரிகள், இரண்டும் சிவப்பு.

"ஒக்கோம எக்கம கெதரத?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே வீடா?

இல்லை, ஒரே தோட்டம் என்றேன்.

"அப்படியென்றால் மற்றவர்களின் முகவரி?"

"எல்லாருக்கும் இதுதான் முகவரி, மிஸ்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். கோபம் இல்லை. என்னைப் போலவே அவருக்கும் அறிய ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்படியானால் கடிதம் எப்படி வரும் என்று கேட்டார். தோட்ட ஆபிசுக்கு வரும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் பேரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். யாரும் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லையா? இல்லை. 

பிறகு இரண்டு வழி சொன்னார். ஒருவர் விலகினால் மற்றவரின் விண்ணப்பம் அன்றைக்கே மேலே போகும். அல்லது, இரண்டும் வேறு வேறு வீடுகள் என்று காட்ட வேண்டும். வீட்டு இலக்கத்தோடு கிராம சேவகரின் சான்றிதழ் கொண்டு வந்தால் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

"நங்கி, உங்கள் வீட்டு நம்பர் என்ன?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் சிங்களத்தில் கேட்டார்.

எனக்கு இருபத்தாறு வயது. அந்த வீட்டில்தான் பிறந்தேன். எனக்குத் தெரியவில்லை.

படியிறங்கும்போது அக்கா சொன்னாள்: "அண்ணே வெலகணும்னு நான் கேக்க மாட்டேன். அவரு கேட்டா நான் வெலகவும் மாட்டேன். நீ நம்பரக் கண்டுபிடி."

முதலில் தோட்ட ஆபிஸ். கிளாக்கர் ஐயா ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துப் புரட்டி, "நாலாம் லயம், மூணாம் காம்பரா" என்றார். இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். கீழ்ப் பிரிவு அண்ணனுடையதையும் பார்க்கச் சொன்னேன். அவர் இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். சிரித்தார். "நாலாம் லயம், மூணாம் காம்பரா."

ஒவ்வொரு பிரிவிலும் லயங்களை ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். படிவத்தில் வீட்டு இலக்கக் கட்டத்தில் எழுத்து விழாது, எண்ணும் கோடும் மட்டும்தான் விழும். மேல், கீழ் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அதைப் போட்டால் மறுபடியும் ஒரே வீட்டில் இருப்போம்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தேடல் பிடித்துப்போனது. பயமும் இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. தடுப்பூசிக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸின் கொப்பியில் நாங்கள் அறுபத்தொன்று. குறுக்குப் பாதையால் ஏறி வரும்போது எதிர்ப்படுகிற வரிசையில் அவர் வீடுகளை எண்ணியிருந்தார். டெங்கு பார்க்க வந்தவர்கள் எங்கள் சுவரில் சோக்கால் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள். அது அவர்கள் அன்றைக்குப் பார்த்த இருபத்திரண்டாவது தண்ணீர்த் தொட்டி. கரண்ட் பில்லில் பத்து இலக்க எண் இருந்தது, ஆனால் பில் இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தது. கீழ்ப் பிரிவு அண்ணனுக்கு பில்லே இல்லை, அவர் தம்பியின் மீட்டரிலிருந்து வயர் இழுத்திருந்தார். கடைசியாகக் கிராம சேவகரிடம் இருந்த வாக்காளர் பட்டியல், இடாப்பு. அதில் தோட்டம் முழுவதையும் ஃபேக்டரியிலிருந்து தொடங்கி ஒரே வரிசையாக எண்ணியிருந்தார்கள். கீழ்ப் பிரிவு அண்ணன் அறுபத்து நான்கு. நாங்கள் நூற்றுப் பதினேழு. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளமடுவத்துக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள், அங்கே ஓட்டுப் போட யாரும் இல்லாவிட்டாலும்.

ஒரே கதவுக்கு இத்தனை எண்கள். ஒன்று தடுப்பூசிக்காக வந்தது. ஒன்று நுளம்புக்காக, ஒன்று ஓட்டுக்காக, ஒன்று பில்லுக்காக. ஒன்று, யார் எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள் என்று தோட்டம் தெரிந்துகொள்வதற்காக. கடிதம் கொண்டு வருவதற்காக யாரும் எண்ணவில்லை. அதனால்தான் எனக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது. நாங்கள் எண்ணவில்லை, எங்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

கிராம சேவகர் இரண்டு சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். "நம்பர் வீட்டுலயும் இருக்கணும். அந்த மிஸ் வந்து பாத்தா வெறும் சுவர் இருக்கக் கூடாது" என்றார்.

சுவரில் எழுதக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "லயத்துச் சுவர் தோட்டத்தோட சொத்து. நீங்க நம்பர் எழுத, நாளைக்கு வேற யாராவது அது ஒங்க வீடுன்னு சொல்ல, தொரைக்கு நான் பதில் சொல்லணும்." பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "கதவு யாரு போட்டது?"

"எங்க அப்பா போட்டது, ஐயா."

"அப்ப கதவுல எழுதுங்க. கதவு ஒங்களோடது."

அம்மாவின் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றில் எண்களை வெட்டி எடுத்து அச்சுத் தயாரித்தேன். கோயில் கம்பிக்கு அடித்துவிட்டு மிஞ்சிய நீலப் பெயின்ட் கிடைத்தது. நூற்றுப் பதினேழு கதவில் நேராக, அழகாக விழுந்தது. மூன்று எண்ணுக்கும் நடுவே ஒரே இடைவெளி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மிஸ் சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். நான் எண் அடித்தது திங்கட்கிழமை.

அந்த வாரம் ஓடையில் தண்ணீர் கூடியதால் வேலை அதிகம். விடிவதற்கு முன் போய், இருட்டிய பிறகு வந்தேன். லயத்தை வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை முகம் கழுவ வெளியே வந்தபோதுதான் பார்த்தேன்.

எங்கள் வரிசையில் எல்லாக் கதவிலும் எண் இருந்தது.

பீலிக்குப் பக்கத்துக் காம்பராவில் 1. அடுத்ததில் 9, அந்த வீட்டு மாமாவுக்கு ஒன்பதுதான் ராசி. அதற்கடுத்தது எங்கள் 117. எங்களுக்கு அந்தப் பக்கம் 4471. அது அவர்களுடைய மோட்டார் சைக்கிளின் எண். கடைசிக் காம்பராவில், என் எக்ஸ்ரே அச்சு வைத்து, அதே நீலத்தில், 117.

கடைசிக் காம்பரா அத்தையிடம் ஓடினேன்.

"அத்த, இது எங்க நம்பர்!"

"அரசாங்க நம்பர்னு ஒங்க அம்மாதானே சொன்னாங்க? அதான் நாங்களும் அதையே போட்டோம். அச்சும் அவங்கதான் குடுத்தாங்க. ஏன் புள்ள, நல்லா விழலியா?"

நன்றாக விழுந்திருந்தது. அதுதான் பிரச்சினை. ரோட்டில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மிஸ் குறுக்குப் பாதையால் மூச்சு வாங்க ஏறி வந்தார். முதல் கதவைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கடைசிவரை நடந்து போய், திரும்பி வந்தார். கையில் இருந்த பேனாவை மூடிவிட்டார்.

"நங்கி, இது நீங்களே எழுதியதா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

"ஒரே லயத்தில் இரண்டு நூற்றுப் பதினேழு. இதை நான் எப்படி அனுப்புவது?"

அக்கா வாசலில் நின்றாள்.  காலையில் எழுந்து பழைய ஓட்டோவைக் கழுவித் துடைத்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தாள், ஒப்படைக்கிற வண்டி என்பதால். அவள் கையில் அந்த ஈரத்துணி இன்னும் இருந்தது. லயத்தில் எல்லாரும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். கடைசிக் காம்பரா அத்தை, "எங்களுக்கும் ஒரு ஓட்டோ எழுதிக்கிட்டுப் போங்க மிஸ், நம்பர் போட்டிருக்கோம்ல" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சிங்களத்துக்கு மாற்றிச் சொல்லவில்லை.

அம்மா உள்ளே போனார். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்து, அதை மிஸ்ஸின் கையிலேயே கொடுத்தார். உள்ளே பழைய வாக்காளர் அட்டைகள். தூக்கிப் போட மனம் வராமல் அம்மா எல்லாத் தேர்தலின் அட்டையையும் சேர்த்து வைத்திருந்தார்.

"இதுல நம்பர் இருக்குமா பாரு புள்ள. கவர்மென்ட் கடுதாசின்னு வச்சிருந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

இருந்தது. எல்லா அட்டையிலும் அதே நூற்றுப் பதினேழு. மிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "எல்லார்கிட்டயும் இருக்கா?" என்று லயத்தைப் பார்த்துக் கேட்டார்.

எல்லாரிடமும் இருந்தது. பெட்டிக்கு அடியில், மெத்தைக்குக் கீழே, ஒரு வீட்டில் அரிசி டின்னுக்குள். மிஸ் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக வாசிக்க, நான் கிராம சேவகரிடம் எழுதி வந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். பீலிக்குப் பக்கத்துக் காம்பரா 115. ராசி மாமா 116. மோட்டார் சைக்கிள் வீடு 118. கடைசிக் காம்பரா 119.

"எனக்கு ஒம்பது வந்திருக்கா?" என்று ராசி மாமா கேட்டார்.

"இல்ல மாமா, ஒம்பது கடைசிக் காம்பராவுக்குப் போயிருச்சு."

"அப்ப அவங்களோட மாத்திக்கலாமா?"

முடியாது என்று நானும் மிஸ்ஸும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பழைய எண்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, மிஸ் பார்த்துக்கொண்டிருக்கவே புதிதாக அடித்தேன். அதற்குள் அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சார்ஜ் ஏற்ற நான் தனியாக இழுத்திருந்த வயரையும் பிளக்கையும் அவர் பார்த்தார், படம் எடுத்தார். இரவு முழுக்க ஏற்றினால் லயத்தில் மற்றவர்களின் விளக்கு மங்காதா என்று கேட்டார். நல்ல கேள்வி. எல்லாரும் சமைத்து முடித்த பிறகு ஏற்றினால் மங்காது என்று கணக்குக் காட்டினேன். கிடைக்குமா என்று அக்கா கேட்டதற்கு, "நான் பார்த்ததை எழுதுவேன். முடிவு மேலே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார். அங்கே செய்தி அதற்கு முன்பே போய்விட்டது. அண்ணன் தன் கதவில் அறுபத்து நான்கை எழுதி, வேறு யாரும் அதைப் பார்த்து எழுதாதபடி வீட்டுக்காரியைப் பெயின்ட் டின்னோடு காவலுக்கு நிறுத்தியிருந்தாராம்.

மாதம் முடிந்தது. குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை. அக்கா கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். வேனுக்கு மாறப்போகும் வீட்டில், இன்னும் இரண்டு கிழமை பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

பதில் கடிதமாக வந்தது. உறையில் அக்காவின் பெயருக்குக் கீழே நூற்றுப் பதினேழு என்று அச்சிட்டு, தோட்ட ஆபிசுக்கே வந்தது. பெரட்டில் கணக்கப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்தார். லயத்துக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டதே, பேர் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, "நூத்திப் பதினேழு!" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். "யாரு அது நூத்திப் பதினேழு? கடுதாசி வந்திருக்கு, வாங்க ஆளில்லியா?" அம்மா கொழுந்துக் கூடையோடு முன் வரிசையில்தான் நின்றிருக்கிறார். தன் வீட்டு எண்ணே தெரியாத யாரோ என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறார். மூன்றாம் தரம் கணக்கப்பிள்ளை அக்காவின் பேரைச் சொன்ன பிறகுதான் கை நீட்டினார். இதை அம்மாவே வந்து சொன்னார். நாங்கள் சிரித்த பிறகுதான் கடிதத்தைப் பிரிக்கவே விட்டார்.

சலுகை கிடைத்திருந்தது. பழைய வண்டியைத் திங்கட்கிழமை பின்னேரம் ஒப்படைக்க வேண்டும். புதியது வியாழக்கிழமை பின்னேரம்தான் கிடைக்கும்.

நடுவில் மூன்று பாடசாலை நாட்கள் இருந்தன. மூன்று நாள் வேனில் போன பிள்ளை, நான்காம் நாள் ஓட்டோவுக்குத் திரும்பி வருமா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அதைத்தான் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப் பிரிவு அண்ணன் வந்தார். அவருக்கு ஒரு கிழமை முந்தியே வண்டி வந்துவிட்டது. பச்சை நிறம். சத்தமே இல்லாமல் வந்து நின்றதால், அவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

"மூணு நாளைக்குப் புள்ளைகள நான் ஏத்திக்கிறேன்," என்றார். "ஏத்தத்துல எறங்க வேண்டிய வேலையில்ல. நேரா மேல வந்துரும்."

அக்கா அவரையும் அந்தப் பச்சை வண்டியையும் பார்த்தாள். பிறகு என்னைக் கொப்பியை எடுக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெரிய பிள்ளையை வலது ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும், அவள்தான் மற்றவர்களைப் பிடித்துக்கொள்வாள். இரட்டையர்களைச் சேர்த்து வைக்கக் கூடாது, அடித்துக்கொள்வார்கள். மூன்றாவது நிறுத்தத்துப் பிள்ளையைக் கூப்பிட ஹோர்ன் அடிக்கக் கூடாது, அங்கே ஒரு நோயாளி படுத்திருக்கிறார். சின்னவன் இரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பான், பை தயாராக இருக்க வேண்டும்.

"கரண்ட் வண்டியில வாந்தி எடுத்தா ஷாக் அடிக்குமா தங்கச்சி?"

"அடிக்காது அண்ணே. பற்றரி சீட்டுக்குக் கீழ மூடியிருக்கு."

"அப்ப சரி. எழுதுங்க, எழுதுங்க."

ஏழு வரிகள் வந்தன. நான் பேனாவை மூடப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எட்டாவதா எழுது புள்ள. வெள்ளிக்கிழமை ஏழு பேரையும் திருப்பித் தரணும்."

அண்ணன் கொப்பியை வாங்கி முதலிலிருந்து வாசித்தார். எட்டாவதில் கொஞ்சம் நின்றார்.

"கையெழுத்துப் போடவா?"

"போடுங்க அண்ணே," என்றாள் அக்கா.

போட்டார்.